எருமைக்கு மூடு கெடையாது

குந்துடா பேராண்டி. அந்த ஸ்டூலு ஒரு கால் ஆடும், பாத்துக் குந்து. ஒன் வைராக்கியத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குது, பயப்படாத.

இன்னா கேட்ட? "தாத்தா, தினமும் படிக்கணும்னுதான் நெனைக்கிறேன், மூடு வர மாட்டுது, இன்னா பண்றது"ன்னா? நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்ட. எனக்கு எழுவத்தெட்டு வயசாவுது. இந்த மூடுன்னா இன்னான்னு போன வருசம் வரைக்கும் தெரியாது. குண்டானுக்குப் போடற மூடின்னு நெனச்சினு இருந்தேன். ஊருல இத்தினி புள்ளைங்க மூடி தொலைச்சிட்டு அலையுதுங்களே, பாத்திரக் கடையில ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமேன்னுகூடத் தோணுச்சு.

மொதல்ல அந்த அலாரத்தப் பத்திப் பேசிடலாம். நாலரைக்கு ஒன் செல்லுல ஒரு ஆளு கத்துறான் பாரு, "எழுந்திரு சிங்கமே, ஒலகம் ஒனக்காகக் காத்திருக்குது"ன்னு. மூணு தெருவுக்குக் கேக்குது. எதுத்த வீட்டு ஆயா எழுந்து வாசல் தெளிக்குது. நான் எழுந்துடறேன். முக்குல படுத்துனு இருக்கிற கறுப்பு நாய்கூட எழுந்து சோம்பல் முறிச்சு ஒரு சுத்து சுத்திட்டு வருது. சிங்கம் மட்டும் எழுந்திரிக்கல. பத்து நிமிசம் கழிச்சு அந்த ஆளு மறுபடியும் கத்துறான். அஞ்சு மணிக்கு அவனுக்கே தொண்ட கட்டிப் போச்சுபோல, விட்டுட்டான்.

செவுத்துல நீ ஒட்டி வெச்சிருக்கிற டைம் டேபிளப் பாத்தேன். தலைப்புக்குச் செவப்பு, மணிக்குப் பச்சை, பாடத்துக்கு நீலம். கோடு ஒண்ணுகூடக் கோணல. அத எழுத ரெண்டு நாள் ஆச்சுன்னு ஒங்கம்மா சொல்லுது. அதுல எழுதினபடி எத்தினி நாள் நடந்தன்னு கேட்டேன், ஒங்கம்மா அடுப்பாண்ட வேலை இருக்குதுன்னு போயிடுச்சு.

சரி, குரூப் ஃபோர் எழுதப் போற. நல்ல காரியம். வி.ஏ.ஓ. ஆவுற, ஜூனியர் அசிஸ்டென்ட் ஆவுற, நாளைக்கு என் பட்டாவுக்கு நானே ஒன் முன்னாடி கையக் கட்டினு நிக்கணும். அந்த ஆசையும் எனக்கு இருக்குது. ஆனா கணக்கப் பாரு. 2024 ஜூன் 9-ந் தேதி நடந்த பரீட்சைக்கு மொதல்ல அறிவிச்ச எடம் 6,244. அப்பால கூட்டுனாங்க. விண்ணப்பம் போட்டவங்க 20 லட்சத்துக்கு மேல. வந்து எழுதினவங்க 16 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ. மிச்சம் நாலு லட்சத்துச் சொச்சம் பேரு எங்கடா போனாங்க? போட்டோ ஏத்தி, கையெழுத்து ஏத்தி, மூணு தரம் சர்வர் மாட்டிக்கினு, நெட் கடையில வேர்த்து விறுவிறுத்துப் போட்ட விண்ணப்பம். பரீட்சை அன்னிக்கு ஞாயித்துக்கெழம காலைல பெஞ்சு காலியாக் கெடந்துது. அஞ்சுல ஒருத்தன் தேர்வு அதிகாரிகிட்டத் தோக்கல, தலகாணிகிட்டத் தோத்தான்.

இருநூறு கேள்வி, மூணு மணி நேரம். அதுல நூறு கேள்வி தமிழு. அதுல நாப்பது சதவீதம் தேறலன்னா மீதிக் கேள்வியில நீ கலெக்டர் மாதிரி எழுதியிருந்தாலும் கணக்குல எடுக்க மாட்டான். படிக்க வேண்டியதுல பெரும்பங்கு இன்னா? ஆறாவதுலேந்து பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடப் புஸ்தகம். நீ ஒரு தரம் படிச்சு, பாஸாயி, போகியில போட்டுக் கொளுத்தினதுதான். இப்ப அதையே துட்டுக் குடுத்து செராக்ஸ் எடுத்துனு வர்ற.

நம்ம ஊரு பேர என்னிக்காவது யோசிச்சியா? வேலப்பன்சாவடி. அந்தாண்ட குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடின்னா இன்னா? வண்டி கட்டினும் கால்நடையாவும் போறவன் ராத்திரி தலை சாச்சிட்டு, கோழி கூவறதுக்குள்ள மூட்டையத் தூக்கினு கெளம்பற எடம். அப்படி ஒரு ஊருல பொறந்து, சாவடியையே சொந்த வீடா நெனச்சு பத்து மணி வரைக்கும் படுத்துக் கெடந்த மொத ஆளு நீதான்னு நெனைக்கிறேன். வேலப்பன் யாரோ, புண்ணியவான், பாத்தாருன்னா வாடகை கேட்டிருப்பாரு.

ஒரு நாள் விடியக்கால பூந்தமல்லி ரோட்டாண்ட வந்து நில்லு. ஸ்ரீபெரும்புதூரு, ஒரகடம் பக்கம் போற கம்பெனி பஸ்ஸு வரும். பொண்ணுங்க ஈரத் தலைய நுனியில முடிஞ்சினு, கையில டிபன் டப்பாவோட நிக்கும். ஒருத்தி மூஞ்சிலயாவது உற்சாகம் பொங்குதான்னு பாரு. தூக்கந்தான் பொங்குது. கொட்டாவி விட்டுனே ஏறுதுங்க. பஸ்ஸு நிக்கறது அரை நிமிசம். "இன்னிக்கு மனசு ஒத்துழைக்குதாம்மா"ன்னு எந்த டிரைவரும் கேட்டு நான் பாக்கல.

என் கதைக்கு வரேன். எங்கிட்ட அஞ்சு எருமை இருந்துது. அந்தக் கொட்டாய் இருந்த எடத்துல இப்ப அடுக்கு மாடி. கீழ ஒரு ஜிம்மு. கண்ணாடி வழியாப் பாத்தா ஆளுங்க மிசினு மேல ஓடினே இருக்காங்க, ஒரு அடிகூட நவுரல. என் எருமைங்களும் அதே எடத்துலதான் நின்னுதுங்க, ஆனா பாலாவது குடுத்துதுங்க. அங்க வேலை செய்ற புள்ளை சொல்லுது, ஜனவரியில வருசத்துக்கும் சேத்துப் பணம் கட்டிட்டு பொங்கலுக்கு அப்பால வராதவங்க புண்ணியத்துலதான் அந்தக் கட ஓடுதாம். நீயும் அதுல ஒரு தர்மப்பிரபுன்னு கேள்விப்பட்டேன்.

அந்த அஞ்சு எருமைல ஒண்ணுக்குக்கூட எனக்கு மூடு இருக்குதான்னு கேக்கற நாகரிகம் தெரியாது. மூணரைக்கு மடி கனக்கும். கனத்தா கத்தும். மொதல்ல ஒண்ணு கத்தும், அது கேட்டு மத்தது கத்தும், கன்னுங்க சேந்துக்கும், அப்பால பக்கத்து வீட்டுக்காரன் கத்துவான். கறக்காம விட்டா மடி வீங்கி, காம்பு சூடாயி, பால் திரிஞ்சு போவும். அந்த எருமை அடுத்த வேளை செம்போட சேத்து ஒன்னை ஒதைக்கும். என் கல்யாணத்தன்னிக்கும் கறந்துட்டுத்தான் மணவறையில குந்தினேன். ஒங்க ஆயா இன்னிக்கும் சொல்லுது, தாலி கட்டும்போது மஞ்சள் வாசனை வரல, சாணி வாசனைதான் வந்துதுன்னு. எங்கம்மா போன அன்னிக்கு, கூடத்துல விளக்கு ஏத்தி வெச்சிருக்குது, நான் கொட்டாய்ல கறந்துனு இருக்கேன். ஊர்ல கல்லு மனசுன்னு சொன்னாங்க. நான் விட்டா மடி கல்லாயிடுமேடா.

அப்படி முப்பத்தாறு வருசம். ஊரே என்ன உதாரணம் காட்டும், "பாரு அவரை, இன்னா சுறுசுறுப்பு"ன்னு. நானும் நம்பிட்டேன். எருமைய வித்த மறுநாள் எத்தினி மணிக்கு எழுந்தேன் தெரியுமா? எட்டே முக்கால். ஆயா மூக்காண்ட கை வெச்சுப் பாத்துச்சு, மூச்சு இருக்குதான்னு. அன்னிக்குத்தான் எனக்கே வெளங்குச்சு, இத்தினி வருசமாச் சுறுசுறுப்பா இருந்தது யாருன்னு. அத ஒரு ஆளு வந்து எண்ணூறு ரூபா கொறச்சுப் பேசி ஓட்டினு போயிட்டான்.

இது நான் கண்டுபுடிச்ச சங்கதின்னு நெனைக்காத. திருவேற்காட்டுக்குப் போற இல்ல? கருமாரியம்மன் கோயில்ல கும்புட்டுட்டு, வெளிய பஜ்ஜி துன்னுட்டு நேரா வீட்டுக்கு வந்துடற. அதே ஊருல வேதபுரீசுவரர் கோயில்னு பழசு ஒண்ணு இருக்குது. அந்தத் திருவேற்காட்டு ஆளுதான் மூர்க்க நாயனார். அறுபத்துமூணு பேருல ஒருத்தர். பன்னெண்டாம் நூத்தாண்டுல அவுங்க கதையெல்லாம் எழுதின சேக்கிழாரு நம்ம குன்றத்தூர்க்காரரு. பக்கத்து ஊரு பாசத்துல சேத்துக்கினாருன்னு நெனச்சிடாத. இந்தாளோட கதைய யாரா இருந்தாலும் எழுதித்தான் ஆவணும்.

அவருக்கு இருந்தது ஒரே லட்சியம். தினமும் சிவனடியாருக்குச் சோறு போட்டுட்டு, அப்பால தான் சாப்புடணும். வேளாளரு, நெலபொலம் உள்ளவரு, போட்டுனே இருந்தாரு. சோத்துக்கு வந்த கூட்டம் கொறையல, சொத்து கொறஞ்சுது. நெலத்த வித்தாரு. விக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னு ஆச்சு. நாமளா இருந்தா இன்னா பண்ணுவோம்? "நம்மால முடிஞ்ச வரைக்கும் பண்ணியாச்சு"ன்னு ஒரு பேச்சுப் பேசிட்டுப் படுத்துக்குவோம். அவரு யோசிச்சுப் பாத்தாரு. சின்ன வயசுல கத்துக்கின வித்தை ஒண்ணு கையில இருந்துது. சூதாட்டம்.

ஆடுனாரு. ஜெயிச்சாரு. ஜெயிச்ச பணத்த தன் கையால தொடக்கூட மாட்டாரு, சோறாக்கறவங்க எடுத்துனு போயிடுவாங்க. கொஞ்ச நாள்ல ஊருல ஒருத்தனும் அவரோட ஆட வர மாட்டேன்னுட்டான். ஊரு ஊராப் போயி, கடைசில கும்பகோணம். அங்க மொத ஆட்டம் வேணும்னே தோப்பாரு, எதிராளிக்கு நாக்கு ஊறணுமே. அப்பால வர்ற ஆட்டமெல்லாம் அவரோடதுதான். தோத்துட்டு எவனாவது பேச்சு மாறினா இடுப்புலேந்து சுரிகை வெளிய வரும். அதனாலதான் மூர்க்கர்னு பேரு. எல்லாரும் சாப்ட்டு எழுந்தப்புறம் கடைசிப் பந்தியில தான் குந்துவாரு.

நான் ஒன்னச் சூதாடச் சொல்லல, அந்தக் காதத் தீட்டாத. செல்லுல ரம்மி ஆடினவன் எவனும் நாயனாராயி நான் பாக்கல, நாசமாத்தான் போயிருக்கான். நீ பாக்க வேண்டியது வேற எடம். எலை போட்டாச்சு, வாசல்ல ஆளு குந்தியாச்சு. உள்ள வந்து அந்தாளு, "இன்னிக்கு எனக்கு என்னமோ மாதிரி இருக்குது, நாளைக்குப் பாக்கலாம்"னு சொல்ல முடியுமா? பசியோட இருக்கிறவன் அவரு மூஞ்சியப் பாத்துனு இருக்கான். அந்தப் பார்வைதான் அவரக் கும்பகோணம் வரைக்கும் தள்ளினு போச்சு. ஒன் வாசல்ல யாரு குந்தியிருக்காங்க சொல்லு? டெலிவரி பையன்தான்.

சூதாடி வேணாம்னா பூக்காரரு ஒருத்தரு இருக்காரு. பூந்தமல்லி திருக்கச்சி நம்பி. ராமானுசரே குருவா நெனச்ச மனுசன். பூந்தமல்லில நந்தவனம் போட்டு, பூவப் பறிச்சுக் கட்டி, தினமும் காஞ்சிபுரம் வரதராசருக்கு எடுத்துனு நடந்தாருன்னு சொல்லுவாங்க. இங்கேந்து ஐம்பது கிலோமீட்டர் கிட்ட வரும். தினமும் போயி தினமும் எப்படித் திரும்பினாருன்னு கணக்குப் போடாத, கணக்கு ஒதைக்கும், கதை கதையாவே இருக்கட்டும். ஆனா பூ வெச்சவனுக்குத் தெரியும். மொக்கு ஒன்னக் கேட்டுனு மலராது. வெயில் ஏறினப்புறம் போயி நின்னா, "மன்னிச்சுக்க சார், விரிஞ்சிட்டேன்"னு சொல்லும்.

என் பேத்தி இங்க பக்கத்துலயே காலேஜுல படிக்குது. பேத்திகிட்ட ஒன் விசயத்தச் சொன்னேன். ஒன்ன மாதிரியே அதுவும் செல்லத் தடவிச்சு, ஆனா ஏதோ உருப்படியாத் தேடிச்சு. நீ இருவத்தோரு நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிடும்னு வீடியோவுல பாத்தியே, அதோட மூலம் தெரியுமா? 1960-ல அமெரிக்காவுல மாக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு டாக்டரு புஸ்தகம் எழுதினாரு. பிளாஸ்டிக் சர்ஜரி பண்றவரு. மூக்கச் சரி பண்ணிட்டா, கண்ணாடில தெரியற புது மூக்கு தன்னோடதுதான்னு மனசு ஒத்துக்க கொறஞ்சது இருவத்தோரு நாளாவது ஆவுதுன்னாரு. கொறஞ்சதுன்னு சொன்னத வுட்டுட்டாங்க, மூக்கயும் வுட்டுட்டாங்க, நாளை மட்டும் புடிச்சினாங்க. நீ இப்ப புது மூக்குக்குச் சொன்ன கணக்குல குரூப் ஃபோர் படிச்சினு இருக்கிற.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுல நெசமாவே ஒக்காந்து பாத்திருக்காங்களாம். பிலிப்பா லாலின்னு ஒரு அம்மாவும் கூட இருந்தவங்களும். 96 பேரு, மூணு மாசத்துக்கிட்ட. ஒருத்தன் மத்தியானச் சாப்பாட்டோட பழம் துன்னணும், ஒருத்தன் தண்ணி குடிக்கணும், ஒருத்தன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஓடணும், இப்படி ஆளுக்கு ஒண்ணு. தானா வர்ற பழக்கமா ஆவறதுக்கு சராசரி 66 நாள் ஆவுதாம். சீக்கிரம் ஆனவனுக்கு 18. மந்தமானவனுக்கு 254 நாள் ஆவும்னு கணக்குச் சொல்லுது. நீ எந்தப் பக்கம்னு நான் சொல்லித் தெரிய வேணாம். ஆனா ஒண்ணு, நடுவுல ஒரு நாள் தவறிப் போனா குடி முழுகிடலையாம். இத ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். சொன்னா இந்த ஒரு வரிய மட்டும் செவப்பு ஸ்கெட்ச்சுல எழுதி செவுத்துல ஒட்டுவ.

லண்டன் இன்னாத்துக்கு? கார்த்திகை மாசம் நம்ம தெருவப் பாரு. ஒன் கூட்டாளி ஒருத்தன், பேரு வேணாம், வருசத்துல பத்து மாசம் மத்தியானத்துல பல்லு வெளக்கறவன். மால போட்டான். விடியக்கால நாலு மணிக்கு பச்சத் தண்ணில குளிக்கறான். செருப்பு இல்ல. தரையில படுக்கை. பீடி இல்ல, பாட்டில் இல்ல. நாப்பத்தோரு நாள். அவன் எந்த வீடியோ பாத்தான்? ஒண்ணுமில்ல. கழுத்துல மால கெடக்குது. போறவன் வர்றவன் எல்லாம் "சாமி சரணம்"ங்கறான். அவன் பெத்த அம்மாவே "சாமி, டிபன் ஆச்சு"ங்குது. டீக்கடையில சாமிக்குத் தனி கிளாஸு. இப்படி ஊரே ஒருத்தன புடிச்சு சாமி சாமின்னா, அவன் எங்க போயி பீடி புடிப்பான்? சந்துல போயி பத்த வெச்சாலும், சந்துக்குள்ள இருக்கிறவனும் "சாமி, நீங்களா"ம்பான்.

மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டின அன்னிக்குச் சாயங்காலம் அவன எங்க பாத்தேன்னு சொல்ல மாட்டேன். கடையோட பேரு இங்கிலீசுல ஆறு எழுத்து.

சிரிக்காத. நானும் அதே கட்சிதான். பொகையிலைய வுடணும்னு வருசா வருசம் தீர்மானம். போகி அன்னிக்கு விடியக்கால ஊரே பழசக் கொளுத்துது, நான் பொகையிலைப் பொட்டலத்தத் தூக்கி நெருப்புல போடுவேன். எல்லாரும் பாப்பாங்க, பெருமையா இருக்கும். பொங்கல் ஒரு நாள் நெஞ்ச நிமித்தினு நடப்பேன். மாட்டுப்பொங்கலுக்கு மாட்டக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, அலுத்துப் போயி குந்தும்போது கை தானா இடுப்பத் தடவும். பெட்டிக்கடக்காரன் கெட்டிக்காரன், போகிக்கு மறுநாளே எனக்கு ஒரு பொட்டலம் தனியா எடுத்து வெச்சிடுவான். இருவத்திரண்டு வருசம் இந்தத் திருவிழா நடந்துது. அப்பால எப்படி வுட்டேன்? இந்தப் பேத்தி அப்ப ரெண்டு வயசு. மடியில குந்தி என் வாயத் தொறந்து பாத்துட்டு, "தாத்தா வாயில எருமை சாணி போட்டுடுச்சு"ன்னுச்சு. அதுலேந்து தினமும் சாயங்காலம் வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கும், போலீஸ் செக்போஸ்ட் மாதிரி. ரெண்டு வயசு எருமைகிட்ட மாட்டினேன், வுட்டேன்.

அதனால ஒனக்கு நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். கேளு. எனக்கு ஒரு கண்ணுதான் ஆபரேசன் ஆச்சு, இன்னொண்ணு பனி மூட்டமாவே கெடக்குது. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். எங்க நைனா மாட்டுக்குப் புல்லு அறுக்க ஆளில்லன்னு இட்டுனு வந்துட்டாரு. ஆறாங்கிளாஸு புஸ்தகத்துல இன்னா இருக்குதுன்னு அறுவத்தெட்டு வருசமாத் தெரியாமயே கெடக்கறேன். நாளைக்கு காலைல அஞ்சரைக்கு ஆறாவது தமிழ் புக்க எடுத்துனு வா. ஒரு பாடம் சத்தமாப் படி. எனக்குப் புரியலன்னா கேப்பேன், நீ சொல்லணும். எனக்கு லேசுல புரியாது, அத இப்பவே சொல்லிடறேன். சமூக அறிவியல் வரும்போது நம்ம ஏரிக்கணக்கெல்லாம் தப்பா எழுதியிருந்தான்னா நான் சண்டை போடுவேன், அதையும் நீதான் சமாளிக்கணும்.

ஒன் மூட வீட்டுலயே வெச்சிட்டு வா, தூங்கட்டும் பாவம். நீ வரலன்னா அஞ்சே முக்காலுக்கு ஒன் ஜன்னலாண்ட வந்து நிப்பேன். அந்தச் செல்லு ஆளு மாதிரி சிங்கமேன்னு மரியாதையாக் கூப்புட மாட்டேன். முப்பத்தாறு வருசம் எருமையோட வாழ்ந்திருக்கேன், அது எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியும். எதுத்த வீட்டு ஆயாகிட்டயும் சொல்லி வெச்சிட்டேன், அதுவும் கூடக் கத்தறேன்னு ஒத்துக்கினு இருக்குது.

வரும்போது நாயர் கடையில ஒரு டீ வாங்கினு வா. சர்க்கரை கம்மியா. மசால் வடை சூடா இருந்தா ஒண்ணு. இன்னா மொறைக்கிற? டீக் காசுக்குன்னு ஒங்கம்மாகிட்ட ஒரு மாசத்துக்கு நேத்தே வாங்கிட்டேன், வாஸ்தவம். அது ஏழு மணி டீக்கு.